முந்தி இறைத்த எள்ளும் தண்ணீரும்

கொழும்பு மெயில் கொடிகாமம் ஸ்டேஷனில் நின்று புறப்படுவதற்குள் பேப்பர்க் கட்டிலிருந்து என்னுடையதை உருவி எடுத்துவிடுவேன். பேப்பர் ஏசண்டு முதலில் முறைத்துப் பார்த்தார், பிறகு பழகிப்போனார். பிளாட்பாரத்திலேயே நின்று முதற்பக்கத்தை விழுங்கிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் போவேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, புது உபாத்தியாயர். பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கைக் கொடுத்துவிட்டு, மேசை லாச்சிக்குள் பேப்பரை விரித்து இரண்டாந்தரம் படிப்பேன். கணக்கைப் பிழையாகச் செய்தவனும் அந்த வருடங்களில் என்னிடம் சரி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

ஐயா மலாயாவில் ரயில்வேக் கந்தோரில் கிளாக்கர். சிங்கப்பூர் யப்பான்காரனிடம் விழுந்ததிலிருந்து அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. அப்படிக் காத்திருந்த வீடு எங்கள் ஊரில் தெரு ஒழுங்கைக்கு ஒன்றாவது இருந்தது. எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

பின்னேரங்களில் வாசிகசாலையில் இங்கிலீஷ் பேப்பரைத் தமிழாக்கி உரக்க வாசிப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை; நானே தலையில் போட்டுக்கொண்ட வேலை. எத்தனை கப்பல் மூழ்கியது, எந்தப் பட்டணம் எரிந்தது, எந்த நாட்டில் சனங்கள் பட்டினியில் வீதியோரம் விழுந்து கிடக்கிறார்கள் என்று ஒன்றையும் விடமாட்டேன். கேட்க வருகிறவர்களில் ஒரு பெரியவர், நான் பேப்பரை விரித்ததும் எழுந்து வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நின்றுகொள்வார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டி, “எரிஞ்சு முடிஞ்சுதோ தம்பி? முடிஞ்செண்டால் சொல்லு, நான் வந்து இருக்கிறன்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வரும். உலகமே அழிகிறது, இந்த மனிசனுக்குப் பகிடி.

உண்மையில் நான்தான் அழிந்துகொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கூப்பன் அரிசிச் சோற்றைப் பிசைந்தபடி, ஐயா இப்போது எதைத் தின்கிறாரோ என்று நினைத்தால் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிடும். படிக்காமல் இருக்கலாமே என்றால், அதுவும் முடியாது. ஒருமுறை மெயில் வரவில்லை. வராத பேப்பரில் ஐயாவின் செய்தி இருந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். கெட்ட செய்தி வந்தால் துடிப்பேன், வராவிட்டால் அதைவிடத் துடிப்பேன்.

அம்மா பேப்பரை வீட்டு வாசல் தாண்ட விடமாட்டா. “உந்தப் பேப்பரிலை உன்ரை ஐயா இல்லை. உதை வீட்டுக்குள்ளை கொண்டு வராதை” என்பா. நான் அதை மாட்டுக்கொட்டிலின் கூரை இடுக்கில் செருகிவைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அம்மாவின் வழி வேறு. வெள்ளிக்கிழமை கோயில், மற்ற நாட்களில் தோட்டம். விடிய எழுந்து முகம் கழுவிக் குங்குமம் வைப்பா. கண்ணாடி பார்ப்பதில்லை, ஆனால் பொட்டு ஒருநாளும் கோணியதில்லை.

அந்த வருடம் யப்பானுக்குக் கிட்டக் கிட்டச் சண்டை போனது. மலாயாவில் ரயில்வே யார்டுகள்மீது வெள்ளைக்காரனே குண்டு போடுகிறான் என்று வாசித்தேன். எங்கள் தரப்புக் குண்டே ஐயாவின் தலையில் விழுகிறதா என்று ஏங்கி ஏங்கி ஆடி மாதம் வந்தது. அமாவாசைக்கு முதல் நாள் காலை பிளாட்பாரத்தில் பேப்பரை விரித்தேன். ஒரே ஒரு குண்டில் ஒரு முழுப் பட்டணத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று போட்டிருந்தது.

அது யப்பானில் உள்ள பட்டணம். மலாயாவுக்கும் அதற்கும் எத்தனை கடல் இடையில் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன் நான். ஆனால் அன்று என் மூளைக்கு அது எட்டவில்லை. கிழக்கே உள்ளது எல்லாம் ஒன்று, அது முடிந்தது, ஐயாவும் முடிந்தார் என்று மனம் சொல்லிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி நினைத்ததும் ஒரு ஆறுதல் வந்தது. இனிக் காத்திருக்கத் தேவையில்லை.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடித்துக் கீரிமலையில் தீர்த்தமாடி, தகப்பன் பெயரில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது எங்கள் வழக்கம். தகப்பன் இருக்கிறவன் அந்த வரிசைக்குக் கிட்டவும் போகமாட்டான். நான் அம்மாவிடம் பள்ளிக்கூட அலுவல் என்று பொய் சொல்லிவிட்டு, விடியுமுன் சைக்கிளை எடுத்தேன். மருதனார்மடத்துக்குப் பிறகு வழியெல்லாம் மாட்டுவண்டிகள். கடற்கரையில் குருக்கள் கையில் தர்ப்பையை மாட்டிவிட்டு ஐயாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

“எப்ப மோசம் போனவர்? திதி என்ன?”

“தெரியாது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. மந்திரத்தைத் தொடர்ந்தார். நான் இறைத்தேன்.

நான் வீடு திரும்புமுன் செய்தி வந்துவிட்டது. கீரிமலையில் என்னைக் கண்ட எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி, பஸ்ஸால் இறங்கியதும் முதல் வேலையாக எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறா.

“கீரிமலைக்கோ போனனி?” என்றா அம்மா.

“ஓம்.”

“ஆருக்கு?”

நான் சைக்கிளை வேலியில் சாய்த்தேன். அம்மா அழவில்லை, ஏசவில்லை. உள்ளே போய், காலையில் வைத்த பொட்டின்மேலேயே இன்னும் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தா. கொதிக்கும் வெயிலில் ஊர் முழுக்கப் பார்க்க நடுவீதியால் கோயிலுக்கு நடந்து போனா.

ஏழு நாள்தான் கழிந்தது. சண்டை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மணியடித்து விடுதலை விட்டார்கள். வாசிகசாலையில் சீனவெடி கொளுத்தினார்கள். ஒரு கிழமை பொறுக்க முடியாமல் போன என்னை என்ன சொல்வது? அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னா.

“இருக்கிற ஆளைச் செத்தது எண்டால் ஆயுசு கூடுமாம் தம்பி. நீ நல்லதுதான் செய்திருக்கிறாய். இனித் தபால் ஓடுமாம். ஐயாவுக்கு ஒரு கடுதாசி எழுது.”

எழுதுகிறேன் என்றேன். தாளை எடுத்து வைத்து, ‘அன்புள்ள ஐயா’ வரைக்கும் எழுதினேன். அதற்குமேல் போகவில்லை. அவருக்கு எள்ளு இறைத்த கையால் சுகம் விசாரிக்க எனக்குக் கூசியது. அதோடு பேப்பரும் விட்டபாடில்லை. சயாம் நாட்டில் காட்டுக்குள் ரயில்பாதை போடக் கொண்டுபோன தமிழ்ச் சனங்கள் கும்பல் கும்பலாகச் செத்த கதை அப்போதுதான் வெளிவரத் தொடங்கியது. ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க, நான் செய்தது பிழையில்லை, அவர் இல்லைத்தான் என்று எனக்கு நானே சாட்சி சொன்னேன். செத்த ஆளுக்கு யார் கடிதம் எழுதுவது?

“எழுதினியோ?” என்று அம்மா நாளாந்தம் கேட்பா. “நாளைக்கு” என்பேன். இங்கிலீஷில் விலாசம் எழுத ஊரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். மகன் இருக்க இன்னொருவரிடம் போய் நிற்க அவவுக்கு மனம் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது கேட்பதை விட்டுவிட்டா.

மாசி மாதம், ஐயாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்த ஒருவர் கப்பலில் ஊர் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாய் திறக்குமுன்பே எங்களுக்கு விளங்கிவிட்டது.

“கார்த்திகையிலை தங்கச்சி. காய்ச்சல். சண்டைக்குள்ளை அவருக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஆடி அமாவாசைக்குக்கூட மரவள்ளிக்கிழங்கை ஒரு நேரம் மட்டும் திண்டு, தன்ரை தேப்பனுக்கு ஆத்திலை இறங்கித் தண்ணி இறைச்சவர். நான் பக்கத்திலை நிண்டனான்.”

ஒரே நாள் காலையில் அவர் தன் தகப்பனுக்கு ஆற்றிலும், நான் அவருக்குக் கடலிலும். அந்த மனிதர் நிறுத்தவில்லை. மூன்று மாதமாக மனதுக்குள் சுமந்து வந்ததை இறக்கிவைக்கிற அவசரம் அவருக்கு.

“சண்டை முடிஞ்சாப்பிறகு ரெண்டு கடுதாசி போட்டவர். உங்களுக்குக் கிடைக்கேல்லைப் போலை. ஆஸ்பத்திரியிலை கிடந்துகொண்டு, நான் போற நேரமெல்லாம் அதைத்தான் கேப்பார். ‘வீட்டிலை இருந்து தபால் வந்ததோ?’ மற்ற ஆக்களுக்கு ஊரிலை இருந்து வரத் தொடங்கியிட்டுது. இவருக்கு மட்டும் வரேல்லை. கடைசி நாளும் கேட்டவர்.” என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் குற்றம் எதுவும் இல்லை. “ஏன் தம்பி, நீங்கள் ஒருத்தரும் எழுதேல்லையோ?”

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டா.

“எழுதினவன். கன கடுதாசி எழுதினவன். தபாலிலை துலைஞ்சு போச்சு.”