இலை வைத்த துண்டு

மறைவானவற்றையும் வெளிப்படையானவற்றையும் ஒருங்கே அறிந்த இறைவனைப் போற்றி இந்த நினைவு மலரின் கட்டுரையைத் தொடங்குகிறேன். எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. புகழ்ச்சியை அவர் விரும்பியதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வாலாஜாபாத்தில். தந்தையார் அங்கே அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தார். அவர் காலமானபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, தங்கையான எனக்கு மூன்று. அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்த தம் பிறந்த வீட்டுக்கு வந்தார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் வேலைக்கு நின்றார். பிறகு ராணுவத்தில் சமையற்காரராகச் சேர்ந்தார். கொரியாவில் போர் ஓய்ந்து, அங்கிருந்த கைதிகளைக் காக்க நம் நாட்டுப் படை சென்றபோது அவரும் கப்பலேறினார்.

அங்கே முகாமில் வேலை பார்த்த அந்நாட்டுச் சமையற்காரர் ஒருவர், பண்டிகை நாளில் மாட்டிறைச்சியைக் கொண்டு ஒரு பண்டம் செய்வாராம். அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் கவனித்திருக்கிறார். ஆனால் உண்ணவில்லை. நம் மார்க்க முறைப்படி அறுக்கப்படாத இறைச்சி என்பதால் நெஞ்சில் கைவைத்து மறுத்துவிட்டார். கண்ணாலும் மூக்காலும் மட்டுமே கற்றுக்கொண்ட அந்தப் பண்டத்தை ஊர் திரும்பிய பிறகு, பக்ரீத் அன்று, எங்கள் வீட்டு தோசைக் கல்லில்தான் முதன்முதலாகச் சுவைத்தார். அதன் சுவை சரிதானா என்பது கடைசிவரை அவருக்கே தெரியாது.

பெரிய கறியை, அதாவது மாட்டிறைச்சியை, வெற்றிலை கனத்துக்குச் சீவுவார். துணியில் ஒற்றி ஈரம் போக்கி, உப்பும் மிளகும் தூவி, மைதாவில் லேசாகப் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, நல்லெண்ணெயில் சிறு தீயில் வேக வைப்பார். ஒரே ஒரு முறைதான் திருப்புவார். முட்டை மஞ்சளாகவே இருக்க வேண்டும்.

“செவக்காத கறிய எவன்டா துன்னுவான்?” என்பார் அம்மா.

“செவந்தா அது வேற பண்டம்மா. இதுக்குப் பேரு ஜன்.”

அம்மாவின் காதில் அது ‘ஜான்’ என்று விழுந்தது. “உருதுல ஜான்னா உசுரு இல்ல? துன்றதுக்குப் போயி அப்படி ஒரு பேரா!” என்று வியந்தார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அது ஜான்தான்.

ராணுவத்திலிருந்து வந்தபின் அண்ணன் மருத்துவமனைச் சமையற்கூடமொன்றில் பணிபுரிந்தார். அந்தச் சம்பளத்தில்தான் என்னைச் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்க வைத்தார். அவருடைய உற்ற நண்பர், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித் தறி நெய்யும் நடேசன் அவர்கள். ஆட்டுக்கறியும் முட்டையும் உண்பவர். மாட்டிறைச்சி அவர்கள் குடும்பத்தில் தொடாத ஒன்று. ஆகவே ஒவ்வொரு பக்ரீத்துக்கும் அண்ணன் முதலில் கத்தரிக்காய் வில்லைகளை அதே முறையில் அவருக்கெனப் பொரித்தெடுப்பார். அதன் பிறகே கல்லில் இறைச்சி விழும். முட்டைப் போர்வைக்குள் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் கத்தரிக்காய்த் துண்டுகளின் மேல் மட்டும் ஒரு கொத்தமல்லி இலை வைப்பார். வீட்டில் இது அம்மாவுக்குத் தெரியும். விடுதியிலேயே இருந்துவிட்ட எனக்குத் தெரியாது.

பட்டம் பெற்று நான் வீடு திரும்பிய ஆண்டில் வந்தது அந்தப் பக்ரீத். தட்டுகள் வரிசையாக இருந்தன. சிலவற்றுக்கு இலை, சிலவற்றுக்கு இல்லை என்பது என் கண்ணுக்குக் குறையாகப் பட்டது. அழகுக்காக எல்லாத் துண்டுகளுக்கும் இலை வைத்தேன். அண்ணன் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. அம்மா இலையை நம்பி ஒரு தட்டை எடுத்துச் சென்று கூடத்தில் நடேசன் அவர்கள் முன் வைத்தார்.

“இன்னா பாய், கத்திரிக்கா இன்னிக்கு நார் நாரா வருது? முத்தலா பாத்து வாங்கினியா?” என்று குரல் வந்தது.

அண்ணன் திரும்பித் தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கிவிட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லாதீங்கண்ணே. தெரியாத வரிக்கும் அவருக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சா தெருவே ரெண்டா பூடும்.”

விளைவுகளை எடைபோடக் கற்றவள் என்ற எண்ணத்தில் சொன்னேன். அண்ணன் என் கையை மெல்ல விலக்கினார்.

“துன்னலாமா வேணாமான்னு சொல்ல வேண்டியவன் அவன்மா. அவனுக்குப் பதிலா நாம எப்படி முடிவு பண்றது?”

கூடத்துக்குப் போனார். “நடேசா, கீழ வச்சுடு. அது கத்திரிக்கா இல்ல, பெரிய கறி. எங்க வூட்டுத் தப்பு.”

“வெளாடாத பாய்.”

“வெளாடல.”

நடேசன் அவர்கள் எழுந்து பின்கட்டுக்குச் சென்று நெடுநேரம் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து வாசற்படியில் நின்று, “ஏன் பாய் சொன்ன? சொல்லாம வுட்டிருக்கலாம் இல்ல?” என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அன்று மாலைதான் அண்ணன் எனக்கு இலையின் செய்தியைச் சொன்னார். கொரியாவில் அவர் கறியை மறுத்தபோது, அந்தச் சமையற்காரர் முகம் சுளிக்கவில்லையாம். அடுத்த முறை வேறொரு கல்லில் பிஞ்சுப் பூசணியைப் பொரித்து, அதன்மேல் ஓர் இலை வைத்து, ‘இது உனக்கு’ என்று விரலால் காட்டினாராம். “பாஷை தெரியாதவன் எனக்குக் குடுத்த வாக்கும்மா அது” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போது மட்டுமே.

அதன்பின் பல மாதங்கள் நடேசன் அவர்கள் வரவில்லை. அண்ணன் அவர் வீட்டைக் கடக்கும்போது தறியின் ஓசை நின்றுவிடும், கடந்தபின் தொடங்கும். ஆனால் தெரு இரண்டாகவில்லை. அவர் எவரிடமும், தம் துணைவியாரிடம்கூட, அதைச் சொல்லவில்லை என்பதைப் பின்னால் அறிந்தோம்.

மறு பக்ரீத்தன்று அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது.

“இலை வச்சது எது பாய்?”

அண்ணன் கரண்டியை வைத்துவிட்டுக் கொத்தமல்லிக் கட்டை நீட்டினார். “இன்னும் வைக்கல. நீயே வச்சுக்கோ.”

“ஆமா, உன்ன நம்பினா அவ்ளோதான்!”

அம்மா சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றுமுதல் ஆண்டுதோறும் நடேசன் அவர்களே தம் துண்டுகளுக்கு இலை வைத்தார்.

கடைசி ஆண்டில் நுரையீரல் நோய் அண்ணனை வாட்டியது. அந்தப் பக்ரீத்துக்கு அவரால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடி, “செவக்க வுடாதம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நான் பொரித்தேன். ஒரு மாதம் கழித்து, அம்மாவின் கையைப் பிடித்தபடியே இறைவனிடம் மீண்டார்.

மருந்து கொடுத்துக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், உடன் பணியாற்றிய சமையற்கூடத்தாருக்கும், ஜனாஸாவில் தோள் கொடுத்த ஜமாஅத்தாருக்கும், தறிகளை நிறுத்திவிட்டு உடன் நடந்த தெருவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் மறுமை நலனுக்காகக் கையேந்துமாறு வேண்டுகிறேன்.

நோயில் இரவுபகல் அருகிருந்த நடேசன் அவர்களுக்கு நன்றி மட்டும் போதாது. ஐயா, அன்று எல்லாத் துண்டுகளுக்கும் இலை வைத்தது அண்ணன் அல்லர், நான். ‘எங்க வூட்டுத் தப்பு’ என்று சொல்லி அவர் என் பெயரை மறைத்தார். இறுதிவரை மறைத்தே வைத்தார். நீங்கள் மன்னித்தது அவரை. என்னை மன்னிக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். இந்த மலரின் முதற்படியை உங்கள் கையில் தருகிறேன்.