ஆளில்லை என்று எழுதிய வீடு

எங்கள் ஊராட்சியில் பத்தொன்பது வருஷம் நிலப் பதிவேடு எழுதியவர் கல்பூபூ அக்கா. அவருக்கு ஜீப் ஓட்டியவன் நான். ஊராட்சி என்றால் நான்கு கிராமங்களும் மேய்ச்சல் மலைகளும்தான். கடைசி கிராமத்துக்குப் போக அடுத்த நாட்டுச் சாலையில் ஆறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். எல்லை எங்கே என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஆடு மேய்ப்பவர்கள் குளிர்காலத்தில் தங்கும் மலை வீடுகளை நேரில் பார்த்து, யார் இருக்கிறார்கள், எத்தனை ஆடு என்று எழுதி மாவட்டத்துக்கு அனுப்புவது அக்காவின் வேலை. காலிக் கொட்டகையைக்கூடக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

அந்த வருஷம் பனி உருகி ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. அக்கரை மேட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு வீடு, உல்கான் என்ற விதவையுடையது. அக்காவுக்குப் பல்வலி, கன்னம் வீங்கியிருந்தது. எனக்கோ அன்று மகளுக்குப் பெயர் வைக்கும் விருந்து.

"போயிட்டு வந்துடலாமா?" என்றார் அக்கா.

"இந்தத் தண்ணியிலயா? வண்டி நின்னா நீங்கதான் தள்ளணும். அந்தம்மா மகன் வீட்டுக்குப் போயிருக்கும்க்கா. ஆளில்லைன்னு எழுதுங்க, எவன் வந்து பாக்கப் போறான்?"

அக்கா வீங்கிய கன்னத்தை அழுத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். பிறகு மடியில் பதிவேட்டை வைத்து எழுதினார். நான் வண்டியைத் திருப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து இரு நாட்டு அதிகாரிகளும் எல்லையைப் பேசி முடித்தார்கள். பேச்சுக்கு எடுத்துக்கொண்டது அந்த வருஷத்துப் பதிவேட்டைத்தான்; ஆளில்லாத நிலம் கைமாறுவது சுலபம். அந்த மேடு அடுத்த நாட்டுக்குப் போயிற்று, பதிலுக்கு ஆறு கிலோமீட்டர் சாலை எங்களுக்கு வந்தது. ஊரே கொண்டாடியது. உல்கானுக்கு வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் அவகாசம் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் குடிவைத்தார்கள். அவர் கணவரின் சமாதி கம்பிவேலிக்கு அப்பால் நின்றுவிட்டது.

அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். நான்கு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள், "உல்கான் வீட்டுக்கு விடு" என்றார்.

"வேணாம்க்கா. சொன்னா வீடு திரும்பி வந்துடுமா?"

"வராது. நீ வண்டிய எடு."

உல்கான் துணி விரித்து ரொட்டி வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. நடந்ததைச் சொன்னார். "எழுதினோம்" என்று சொல்லவில்லை, "எழுதினேன்" என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு உங்க ஜீப் சத்தம் கேட்டுது," என்றார் உல்கான். "தேநீருக்குத் தண்ணி வச்சிட்டு மேட்டுல ஏறிக் கையக் காட்டினேன். வண்டி திரும்பிப் போயிட்டிருந்துச்சு. தண்ணி ஜாஸ்தி, அதான் போறாங்கன்னு நெனச்சேன். நீ இப்படி எழுதுவேன்னு நெனக்கல."

அக்கா அழுதார்.

"உன் அழுகைய வச்சு நான் என்ன பண்ண? எழுதத் தெரிஞ்சவதானே? நான் அங்க இருந்தேன்னு எழுதிக் குடு."

அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் வேலை போனது. "வந்த ரோட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்றியா?" என்று கடைவீதியில் நிறுத்திவைத்துத் திட்டினார்கள். எல்லைக்கோடு நகரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் காட்டி, வருஷத்தில் ஒருநாள் சமாதிக்குப் போய்வர உல்கானுக்கு அனுமதி கிடைத்தது.

இது மூன்றாவது வருஷம். உல்கான் காவல் சாவடியைத் தாண்டிப் போவார். அக்காவுக்கு அனுமதி இல்லை, மாலைவரை வெளியே காத்திருப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வராதே என்று உல்கான் சொன்னதும் இல்லை.

கடிதத்தில் என் பெயர் கிடையாது. அதே ஜீப்பைத்தான் இன்றும் ஓட்டுகிறேன், இருவரையும் கூட்டிப்போவதும் நான்தான். இந்த மே மாதம் போகும்போது வாயெடுத்தேன்: "உல்கான் அக்கா, அன்னைக்கு ஆத்தங்கரையில நான்தான்..."

"முன்னாடி மாடு வருது, பாத்து ஓட்டு" என்றார் கல்பூபூ அக்கா.

மாடு வரத்தான் செய்தது. அது கடந்து போன பிறகும் நான் சொல்லவில்லை.