நிற்காத பெல்ட்

மகேஸ்வரியின் தம்பி சந்துரு முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஆட்டோ, ஸ்கூட்டர்களுக்கு எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன் அவன். அக்கா ஓட்டுகிற தோட்டத்து டிராக்டரோ அவனைவிட வயதில் மூத்தது. ஸ்பேர் கிடைக்காது, விட்டுவிடு என்றான். அவள் விடவில்லை.

கௌதள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் அவள். நஞ்சன்கூடு சாலையில், விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு பெரிய தோட்டத்தில் களை பிடுங்கச் சேர்ந்தாள். புல்வெட்டும் டிராக்டரை ஓட்டியவர் ஒரு மழைக்காலத்தில் சொல்லாமல் வேலையிலிருந்து நின்றுவிட, தானாகவே ஏறி உட்கார்ந்தாள். முதல் நாளே ரோஜாப் பாத்தியில் ஏற்றித் திட்டு வாங்கினாள். மறுநாளும் ஏறினாள். அதிலிருந்து அந்த இருக்கை அவளுடையது. மறுபடி குனிந்து களை பிடுங்கப் போக அவளுக்கு மனமில்லை.

இப்போது சில மாதங்களாக வண்டி மக்கர். சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி வைத்தால் கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி படுத்துவிடும். மேனேஜர் ரவிக்குமார், இந்த வாரமும் ஓடாவிட்டால் இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு வேலையைக் கான்ட்ராக்டில் விடப்போவதாகக் கன்னடத்தில் சொல்லிவிட்டார்.

அக்கா முகத்துக்காகச் சந்துரு வந்தான். அந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றேதான். ஒரு பெல்ட் வழியாக எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே பெல்ட்டால் தான் சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். கழற்றிப் பார்த்தான். உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்து போயிருந்தது. வேறு கார்பனை அளவுக்கு அராவிப் போட்டான். கறுத்திருந்த செம்பை உப்புத்தாளால் தேய்த்தான். முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரியை வைத்து நட்டுகளை இறுக்கினான்.

சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சார்ஜும் ஏறுகிறது என்று மீட்டர் காட்டியது. பெல்ட் தளர்வாக இருக்கிறதா பார்க்கலாம், ஆஃப் பண்ணு என்றான் சந்துரு. அவள் ஆஃப் செய்தாள். எஞ்சின் சத்தம் அடங்கியதும் அவன் பெல்ட்டுக்குக் கையைக் கொண்டுபோனான். ஆனால் பெல்ட் நிற்கவில்லை. சாவி ஆஃபில் இருக்க, ஸ்டார்ட்டர் எஞ்சினை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சந்துரு, கையெ எடு. அது நிக்கல."

அதற்குள் அவன் சட்டைக் கையைப் பெல்ட் கவ்வியிருந்தது. துணி சுருண்டு உள்ளே போக, விரல்களும் கூடவே போயின. அவன் இடது கையால் வண்டியை உந்தித் தள்ளினான். அவள் சாவியைப் பிடுங்கியே எடுத்துவிட்டாள். பெல்ட் அப்போதும் இழுத்துக்கொண்டிருந்தது.

"பேட்டரி அக்கா... பேட்டரியக் கழட்டு."

அடியில் பேட்டரி இருந்த இருக்கையைத் தூக்கினாள். கேபிளை இறுக்கிய நட்டுகள் வெறுங்கைக்கு அசையவில்லை. ஸ்பானர் அவனுடைய பேன்ட் பாக்கெட்டில், அவனுக்கும் வண்டிக்கும் நடுவில் அழுந்திக் கிடந்தது. வேலியோரம் கிளை வெட்டும் நீளக் கத்திரி கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, பேட்டரியிலிருந்து வரும் கறுப்புக் கேபிளில் வைத்து அழுத்தினாள். ரப்பர்தான் கிழிந்தது, கத்திரி வழுக்கியது. மறுபடி வைத்து, ஒரு பிடியை வயிற்றில் முட்டுக்கொடுத்து, மறுபிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு பொறி பறந்தது. பெல்ட் நின்றது.

பெல்ட் சுற்றும் புல்லியைப் பின்பக்கமாக உருட்டித்தான் கையை வெளியே எடுக்க முடிந்தது. ரவிக்குமார் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு விரல் முறிவு, ஒரு நகம் இல்லை. வேண்டாம் என்றவனை இழுத்துவந்தது நான்தானே என்று அவள் வராந்தாவில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

காரணத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டே சந்துரு கண்டுபிடித்தான். பேட்டரி இறங்கிக் கிடந்த மாதங்களில், ஒவ்வொரு 'டிக்'கின்போதும், சாவி திருகினால் ஸ்டார்ட்டருக்குக் கரண்டை விடும் ரிலேவுக்குள் பொறி பறந்து செம்பை எரித்திருக்கிறது. அன்றைக்கு முழுக் கரண்ட் பாய்ந்ததும் அது உருகி ஒட்டிக்கொண்டது. அப்புறம் சாவிக்கு அங்கே வேலையில்லை.

வண்டியை இரும்புக்கடைக்கே போட்டுவிடுங்கள் என்று மகேஸ்வரியே ரவிக்குமாரிடம் சொல்லிவிட்டாள். சந்துருதான் கேட்கவில்லை.

"வெரலையும் குடுத்துட்டு வண்டியையும் குடுக்கறதாக்கா?"

கட்டு பிரிப்பதற்கு முன்பே புது ரிலேயும் கேபிளுமாக வந்து நின்றான். இருக்கைக்குப் பக்கத்திலேயே பேட்டரியைத் துண்டிக்க ஒரு பெரிய சுவிட்சும் கொண்டுவந்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் மாட்டினாள்.

கிளப்பும் முன் அவனை மாமரத்தடிக்குப் போகச் சொன்னாள். கிளப்பினாள். ஆஃப் செய்தாள். பெல்ட் ஒரு சுற்று ஓடி நின்றது. மறுபடி கிளப்பினாள், நிறுத்தினாள். நல்லாயிருச்சு, கிட்ட வரட்டுமா என்றான் சந்துரு.

"அங்கயே நில்லு" என்று மறுபடி சாவியைத் திருகினாள்.

அன்று மாலைக்குள் பாதித் தோட்டம் வெட்டியாகிவிட்டது. சந்துருவின் நடுவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. ஆஃப் செய்த பிறகு, பெல்ட் அசையாமல் நிற்பதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மகேஸ்வரி இப்போது வண்டியிலிருந்து இறங்குகிறாள்.