அக்கா போட்ட டைம்டேபிள்

பிளஸ் டூ முடித்து இயற்பியல் படிக்கச் சிதம்பரம் வந்தபோது அக்கா வீட்டில்தான் தங்கினேன். எங்கள் ஊர் கம்மாபுரத்துக்குப் பக்கம். தினமும் பஸ்ஸில் போய்வந்தால் படிக்க நேரமிருக்காது, ஹாஸ்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது, கூடப்பிறந்தவள் உள்ளூரில் இருக்கும்போது வெளியே தங்கினால் நாலு பேர் கேட்பார்கள் என்று அம்மா மூன்று காரணங்கள் சொன்னாள். மூன்றாவதுதான் உண்மையான காரணம்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் பைப்புக் கடை வைத்திருந்தார். தண்ணீர்க் குழாய், அதை இணைக்கிற எல்போ, டீ, கப்ளிங், வால்வு, மோட்டார் சாமான்கள். காலையில் கடையில் இருப்பார். மத்தியானம் வீடு கட்டுகிற இடங்களுக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு போவார். அந்த நேரத்தில் கடையில் நான் உட்கார வேண்டும் என்று யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் வந்த மறுநாளே கடைச் சாவியில் ஒன்று என் கைக்கு வந்துவிட்டது.

முதல் வாரம் கல்லூரியில் வகுப்பே நடக்கவில்லை. துறையின் வாட்ஸப் குழுவில் ஒரு அட்டவணை வந்தது. முக்கியப் பாடங்களும் தமிழும் ஆங்கிலமும் ஏற்கெனவே காலைக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தன. எங்களுக்கு விட்டிருந்தவை இரண்டுதான். ஆய்வகத்துக்கு எந்த அணியில் போவது என்பது ஒன்று. வேறு துறையிலிருந்து எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது என்பது இன்னொன்று. யோகா, உளவியல், நிலவியல், இசை என்று அதற்குக் கீழே சில பெயர்கள் இருந்தன. என்னோடு சேர்ந்த பையன்கள் எல்லோரும் யோகா என்று முடிவு செய்திருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா என் போனை வாங்கிப் பார்த்தாள். அட்டவணையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த மகளின் டிராயிங் நோட்டையும் கலர் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். இயற்பியலுக்கு நீலம், மொழிப் பாடங்களுக்குப் பச்சை. பென்சிலைத் திருப்பிக் கேட்டு அழுத குழந்தையிடம் கறுப்பைக் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

"டேய், இதுல நிலவியல் இருக்குடா" என்றாள்.

"இருக்கட்டும். பசங்கல்லாம் யோகா எடுக்கறாங்க. அதுல பரீட்சையே பேருக்குத்தானாம்."

"யோகா எடுத்து இன்னா பண்ணப்போற? காலையில உன்ன எழுப்பறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு."

அவள் நிலவியல் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அக்கா இதே ஊரில் இரண்டு வருடம் நிலவியல் படித்தாள். எங்கள் பக்கத்தில் சுரங்கம் தோண்டி எடுத்த மண் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். அதைப் பார்த்துத்தான் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. இரண்டாம் வருடம் முடிகிற நேரத்தில் இந்த வரன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். பொய்யாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மூன்றாம் வருடம் தொடங்கியபோது அவள் உண்டாகியிருந்தாள். வாந்தி நிற்கவே இல்லை. அந்த வருடம் போனது, அடுத்த வருடமும் போனது. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நிலவியலில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் வகுப்பும் செய்முறையும் செவ்வாய், வியாழன் மத்தியானங்களில் வந்தன. ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்காவே பேச்சை எடுத்தாள். மாமா சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"வாரத்துல ரெண்டு மத்தியானம் போச்சின்னா கடைய யாரு பாக்கறது மச்சான்? நான் சைட்டுக்குப் போவணும். ஆளு வெச்சா கட்டுப்படியாவுமா?" அக்கா கேட்டதற்கு அவர் பதிலை என்னிடம்தான் சொன்னார். "அந்த யோகா எப்ப வருது?"

"காலையில மாமா."

"அதையே எடுத்துக்க. ஒடம்புக்கும் நல்லது."

எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. அக்கா ரசம் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கரண்டியைச் சட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு நாளும் நான் ஒக்காரறேன் கடையில."

மாமா சிரித்துவிட்டார். "எல்போவுக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சிக்கறேன். அத்தினி பாறைங்க பேரத் தெரிஞ்சி வெச்சிருந்தவளுக்கு இது வராதா?"

"அதில்லம்மா. அங்க வர்றவுங்க பூரா ஆம்பளைங்க. பிளம்பருங்க, மேஸ்திரிங்க."

"வரட்டும். என்னக் கடிச்சாத் துன்னப்போறாங்க?"

மாமா ரசத்தை உறிஞ்சிக் குடித்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. ஒத்துக்கொண்டாரா இல்லையா என்பதை அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போகிற விதத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அன்று ஊகிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கல்லூரியின் இணையதளத்தில் பாடங்களைப் பதிவு செய்ய வேண்டும். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போனோடு வந்து என் எதிரில் நின்றாள்.

"பாஸ்வேர்டு சொல்லு. எடம் ரொம்பிடப்போவுது."

வாயில் நுரையோடு சொன்னேன். அவள் தட்டினாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருமுறை இணைப்பு அறுந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். விருப்பப் பாடம்: நிலவியல். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் இட்லி தின்று முடிப்பதற்குள் அது போய்விட்டது. பத்தோடு பதினொன்றாக ஒரு பாடம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் செவ்வாய்க்கிழமை அக்கா கடைக்குப் போனாள். அன்று பெரிய குழாயைச் சின்னதோடு இணைக்கிற ரெட்யூசர் கேட்டவருக்குக் கப்ளிங்கைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவர் பாதி வேலையில் திரும்பி வந்து, "கடைக்காரரு எங்கம்மா?" என்று கேட்டாராம். "நான்தான். இன்னா வேணும் சொல்லுங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு சாமான்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எதற்கு என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். இதைச் சாப்பிடும்போது அவளே சொன்னாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அங்கே வகுப்பில் பேராசிரியர் ஒரு தட்டில் கற்களை அடுக்கிக் கொண்டுவந்து எங்கள் கைகளில் கொடுத்தார். வெள்ளை ஓட்டில் தேய்த்து எந்த நிறத்தில் கோடு விழுகிறது என்று பார்க்கச் சொன்னார். கறுப்பாக இருந்த ஒரு கல் சிவப்புக் கோடு போட்டது. எனக்கு அது பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்பாள்.

"இன்னிக்கி இன்னா நடத்துனாங்க?"

நான் சொல்வேன். நான் விட்டதை அவள் சொல்வாள். அந்தச் சிவப்புக் கோடு போட்ட கல்லின் பெயரை நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை. முதல் சில வாரங்கள் இப்படியே போயின.

செவ்வாய், வியாழன் என்று இருந்தது மெல்ல எல்லா மத்தியானங்களும் என்றானது. யாரும் முடிவு செய்து அப்படி ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை நான் கடைக்குப் போனபோது அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். ஏணி மேல் நின்றுகொண்டு அலமாரியிலிருந்த எல்லாவற்றையும் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனி வாரியாக மாமா வைத்திருந்ததை அளவு வாரியாக மாற்றினாள். சாயங்காலம் வந்த மாமாவுக்கு எதுவும் கைக்கு அகப்படவில்லை. "என் கடையில நானே வழி கேட்டுப் போவணுமா?" என்றார். ஒரு வாரம் முனகினார். அதன் பிறகு முனகவில்லை. பள்ளிக்கூட வேன் குழந்தையைக் கடை வாசலில் இறக்கிவிட ஆரம்பித்தது. பிளம்பர்கள் மாமாவுக்குப் போன் செய்வதை விட்டு அக்காவுக்குச் செய்தார்கள்.

என்ன நடத்தினார்கள் என்று அக்கா கேட்பது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நின்று பல நாள் ஆன பிறகுதான் கவனித்தேன்.

செமஸ்டரின் பிற்பகுதியில் கடலூர் கேப்பர் மலைக்கு எங்களைக் களப்பயணம் அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். மலை என்று பெயர், உண்மையில் ஊரை ஒட்டிய செம்மண் மேடு. இதைச் சொன்னதும் அக்கா கையிலிருந்த பில் கட்டைக் கீழே வைத்தாள். அவள் படித்தபோது அந்தப் பயணம் மூன்றாம் வருடத்தில் இருந்ததாம்.

"நானும் வரலாமாடா? கேட்டுப் பாரேன்."

பேராசிரியரிடம் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "பேரு குடுத்தவுங்களுக்கு மட்டும்தான் தம்பி பர்மிஷன் வாங்கியிருக்கு." அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். "சரி" என்றாள். நான் போய்வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அக்கா காலையிலேயே குழந்தைக்குச் சட்டை மாற்றிவிட்டு என்னைக் கிளம்பச் சொன்னாள். மூவரும் கடலூருக்குப் பஸ் ஏறினோம். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, வகுப்போடு நான் பார்த்த அதே இடத்தில் கொண்டுபோய் அவளை நிறுத்தினேன். மேட்டை வெட்டிய இடத்தில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்குகள் தெரிந்தன.

"உங்க சாரு இன்னா சொன்னாரோ அத சொல்லு" என்றாள்.

ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணல் என்றேன். அதிலிருக்கிற இரும்பு துருப்பிடித்துத்தான் இந்த நிறம் என்றேன். அவள் கையை நீட்டிச் சிவப்பு அடுக்கைத் தொட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது. விரல்களைப் பார்த்தாள்.

"இவ்ளோ லேசாவா இருக்கும்? படத்துல பாத்தப்ப கல்லு மாதிரி இருந்துச்சே."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தாள். அதற்குள் போன் அடித்தது. மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒன்றரை இஞ்ச் வால்வு நாளைக் காலையில்தான் வரும், அதுவரை மேல் தொட்டியை மூடி வையுங்கள் என்று யாருக்கோ சொன்னாள். குழந்தை மண்ணை அள்ளிப் பாவாடையில் கட்டிக்கொண்டிருந்தது.

பிறகு சில்வர் பீச்சுக்குப் போனோம். மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். நான் பல நாளாக மனதில் வைத்திருந்ததை அங்கே கேட்டேன்.

"நீ திரும்பப் படிக்கலாமேக்கா. தபால்லகூடப் படிக்கலாம். நான் வெசாரிக்கவா?"

"வேணாம்."

"மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அவரு சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? எனக்குக் கடை புடிச்சிருக்குடா."

"நெசமாவா?"

அவள் பஜ்ஜியின் எண்ணெயைத் தாளில் ஒற்றினாள். "ரெண்டு வருஷம் படிச்சது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சி. விட்டுட்டமேன்னு அழுதிருக்கேன். அதுக்குன்னு நான் எப்பவும் அழுதுக்கினே இருக்கணுமா? நீ அப்பிடித்தான் நெனைக்கற. அம்மாவும் அப்பிடித்தான் நெனைக்குது."

குழந்தை அலையைப் பார்த்து ஓடியது. அக்கா எழுந்து பின்னால் போனாள்.

செமஸ்டர் முடிவு வந்தபோது நிலவியலில் எனக்கு நல்ல மதிப்பெண். இயற்பியலில் ஒரு தாளில் அரியர். மாமா அதைக் கேட்டு, "பாடத்த மாத்திப் படிச்சிட்டியே மச்சான்" என்று சிரித்தார். மாமா அப்போது ஒரு மினி லாரி வாங்கி வெளியூர்ச் சரக்கு எடுக்கிற வேலையில் இறங்கியிருந்தார். கடை முழுக்க அக்காவின் பொறுப்பு.

இரண்டாம் செமஸ்டரின் அட்டவணை குழுவில் வந்தபோது அக்கா கடையில் இருந்தாள், நான் தனியாக அறையில் இருந்தேன். கடையில் எனக்கு வேலை இல்லை என்பதால் எல்லா மத்தியானங்களும் காலியாக இருந்தன. எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எதையும் போடலாம். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வகுப்புப் பையன் ஒருவன் உளவியல் எடுப்பதாகக் குழுவில் எழுதினான். நானும் அதையே எடுத்தேன்.