மச்சான் பாதியில் நின்ற பாவா ஆதம் மலை

பாவா ஆதம் மலைக்கு நானும், மச்சான் என்று நான் கூப்பிடும் என் கணவரும் போய்வந்து மூன்று வாரம் ஆகிறது. கால் வலி போய்விட்டது, கேள்விகள்தான் நிற்கவில்லை. பெண்கள் ஏற முடியுமா, ஹலால் சாப்பாடு கிடைக்குமா, எவ்வளவு செலவாகும் என்று கடையநல்லூரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆதம் நபி பூமியில் இறங்கிய இடம் இலங்கையில் இருக்கும் அந்த மலை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். உச்சியில் பாறையில் இருக்கும் தடத்தை நாம் ஆதம் நபியின் பாதம் என்கிறோம். பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், இந்துக்கள் சிவனுடையது என்கிறார்கள். அங்கே போவது கடமை இல்லை, போகாவிட்டால் குற்றமும் இல்லை. எனக்குப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். சின்ன மகள் கல்யாணம் முடிந்ததும், மலையில் மழை குறைந்திருக்கும் பிப்ரவரி மாதத்தில் கிளம்பினோம்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம். மறுநாள் காலை ரயில் ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில் ஹட்டன். இடது, வலது என்று ஜன்னலுக்குச் சண்டை போட வேண்டாம், இரண்டு பக்கமும் தேயிலைதான். ஹட்டன் பள்ளிவாசலில் கை கால் கழுவி ஒளு செய்து, பயணிகள் என்பதால் லுஹர், அஸர் இரண்டு வேளைத் தொழுகையையும் சேர்த்தே தொழுதோம். பக்கத்து முஸ்லிம் கடையில் சோறும் கோழிக்கறியும் ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், இலங்கைக் காசில். அங்கிருந்து மலையடிவாரமான நல்லதண்ணிக்கு நோர்வூட், மஸ்கெலியா வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பஸ் உண்டு. நாங்கள் ஆட்டோவில் நாலாயிரத்து ஐநூறு கொடுத்தோம்.

ஆட்டோ ஓட்டிய ரவிக்கு, நாங்கள் பகலில் ஏறப்போகிறோம் என்பது பிடிக்கவே இல்லை. "ராவுலதாங்க எல்லாரும் ஏறுவாங்க. விடியக்காலை மேல நின்னு சூரியன் வர்றதப் பாப்பாங்க. பகல்ல வெயில் சாத்திருங்க."

"நான் சூரியனப் பாக்க வரல தம்பி. படியப் பாத்துக் கால வைக்கணும், அதுக்குப் பகல்தான் நல்லது" என்றேன். மச்சானுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரும்புக்கடையில் காலையில் உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருப்பார். நான் சர்க்கரைக்காகப் பல வருஷமாகத் தினமும் நடக்கிறவள். என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஓரளவு தெரிந்திருந்தது.

இரவு நல்லதண்ணியில் தங்கி, விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ஆறரைக்கு ஏறத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் சாதாரண நடைதான். பிறகு படிகள் ஆரம்பிக்கும், முடியவே முடியாது. இறங்கி வருகிற சிங்களக் குடும்பங்கள் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் "கருணாவய்" என்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போனார்கள். நாங்களும் சொன்னோம்.

பாதி வழியில் ஒரு தேநீர்க் கடை. மச்சான் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"என்னால முடியாது ஸபியா. முட்டி ரெண்டும் விட்டுப்போச்சு. வா, திரும்பிருவோம்."

"நீங்க இருங்க மச்சான். நான் போயிட்டு வாறேன்."

"தனியாவா?"

முப்பது வருஷத்தில் அவரிடம் நான் அனுமதி கேட்காமல், போகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மாறியது. அதே பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி பேச்சுக்குள் வந்தாள். "நாங்களும் மேலதான் போறோங்க ஐயா. அக்கா எங்களோட வரட்டும், நாங்க பாத்துக்கிறோம்." அவள் பெயர் மகேஸ்வரி, கூட இருந்தது அவள் நாத்தனார் சாந்தி. இரண்டு பேருக்கும் அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை.

மச்சான் அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு இங்க இருக்கணும்" என்றார். சிம் கார்டு ஒன்றுதான் வாங்கியிருந்தோம், அது அவரிடம் இருந்தது.

மகேஸ்வரியின் கணவரைக் கொழும்பில் லொறி மோதியிருக்கிறது. அவர் கால் தப்பினால் மலை ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். தப்பிவிட்டது. கதை சொல்லிக்கொண்டே முன்னால் போனவள், கடைசிச் செங்குத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்காலில் பிடிப்பு. கண்ணில் தண்ணீர்.

"அக்கா, நீங்க போங்க" என்றாள் சாந்தி. "ஐயா காத்துக்கிட்டு இருப்பாருங்க."

அப்போதே கிளம்பினால் மேலே போய்விட்டு இரண்டு மணிக்குள் கடைக்கு இறங்கிவிடலாம், எனக்கும் அது தெரிந்தது. ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னை அழைத்து வந்தவளை அங்கே விட்டுவிட்டுப் போய், மேலே நின்று நான் என்ன துஆ கேட்பது? பையிலிருந்த தைலத்தை எடுத்துக் காலை நன்றாகத் தேய்த்துவிட்டேன். பேரீச்சம்பழமும் உப்புத் தண்ணீரும் கொடுத்தேன்.

"கீழ போயிருவோம்க்கா, ஏலாது."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. பத்துப் படி ஏறுவோம், நிப்போம். மறுபடி பத்து."

அப்படித்தான் ஏறினோம். உச்சியை அடையும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. செருப்பைக் கழற்றினால் தரை ஐஸ் மாதிரி. பாதத் தடம் துணியால் மூடியிருக்கும், பாறையை நேரில் பார்க்க முடியாது. இதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள், ஏமாற்றம் இருக்காது. நான் ஏமாறவில்லை. சுவரோரமாக லுஹர் தொழுதேன். காற்று முக்காட்டைப் பிடுங்கியது. மகேஸ்வரி என் முன்னால் ஆள் குறுக்கே போகாமல் கையை விரித்துக் காவல் நின்றாள். பிறகு அவள் போய், ஏறி முடித்தவர்கள் அடிக்கும் மணியை அடித்தாள், நான் நின்று பார்த்தேன். அழ வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் அழுதுவிட்டேன்.

இறங்கும்போது மணி இரண்டரை, தேநீர்க் கடை இன்னும் வெகு தூரம். ஒரு வளைவில் திரும்பினால், படியில் வேர்க்க விறுவிறுக்க மச்சான் உட்கார்ந்திருக்கிறார், கையில் யாருடையதோ ஒரு கம்பு.

"ரெண்டு மணின்னு சொன்னேன்லா?"

"நீங்க எப்படி இவ்வளவு தூரம் ஏறினீங்க?"

"நீ வரல. வேற என்ன செய்யச் சொல்ற?"

திட்டு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மகேஸ்வரி கால் பிடித்துக்கொண்ட கதையைத் தானே சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மச்சான் அவளிடம், "ஒண்ணும் இல்லம்மா, நீங்க நல்லபடியா எறங்குங்க" என்று தன் கையிலிருந்த கம்பைக் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் நுவரெலியா போகும் வழியில், தலவாக்கலையில் பிரிந்து அக்கரப்பத்தனை போனோம். மகேஸ்வரி கட்டாயம் வரச் சொல்லியிருந்தாள். வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளில் அவளுடையது மூன்றாவது. "கறி ஒண்ணும் வைக்கலீங்க, உங்களுக்குச் சரிவராதுல்ல" என்று ரொட்டியும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மச்சானிடம், "ஐயாவும் மலை ஏறினீங்களா?" என்று கேட்டார்.

"ஏறினேன். முக்காவாசி."

நுவரெலியா ஏரிக்கரையில் குளிரில் நடக்கும்போதுதான் கேட்டேன், "முக்கால்னு யாரு அளந்தா?"

"நீ முழுசு, நான் பாதி. ரெண்டையும் கூட்டிச் சரிபாதியாப் பங்கு போடு. ஆளுக்கு முக்கால் வருதுல்லா?" கடைக்காரர் கணக்கு. நானும் ஒத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சீசன் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை, மற்ற மாதங்களில் மழையும் அட்டையும். நல்லதண்ணியில் அறை ஆறாயிரம் ரூபாயிலிருந்து உண்டு. ஹலால் சாப்பாட்டை ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ முடித்துக்கொள்ளுங்கள், மலையில் ரொட்டியும் தேநீரும்தான். உச்சிக்குத் தடித்த காலுறை, கம்பளிச் சட்டை இரண்டும் வேண்டும். ஆளுக்கொரு சிம் வாங்குங்கள், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கணவரோடு போகிற பெண்களுக்கு இன்னொன்று. அவருக்கு முடியவில்லை என்றால், உட்கார இடமும் குடிக்கத் தேநீரும் இருக்கிற கடையாகப் பார்த்து உட்கார வையுங்கள். திரும்பும் நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நீங்கள் ஏறுங்கள்.