தெங்பி வீட்டுத் தடுப்புச் சட்டி

சீனாவின் சோங்சிங் நகரத்து மலைச்சரிவுகளில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள் ரான் தெங்பி. தன் வீட்டு மேசையில் தடுப்புச் சட்டி ஏறவே ஏறாது என்று அவள் சவால் விட்டது தெரு முழுக்கத் தெரியும். நடுவே தகடு வைத்து ஒரு பக்கம் காரம், மறுபக்கம் தெளிந்த சாறு என்று கொதிக்கிற சட்டியெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும்தான் என்பது அவள் கட்சி. அந்தச் சட்டி முன்னால் உட்காருவதற்கு வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு உட்காரலாம் என்பாள்.

அந்தத் தெங்பிதான் ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஒரு தடுப்புச் சட்டியை எதிலும் சுற்றி மறைக்காமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். யார் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகத்தான் வந்தாள். ஒருவரும் கேட்கத் துணியவில்லை.

எல்லாம் கணவர் ஷாவ்ச்சுவானுக்காக. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எட்டு மாதத்துக்கு முன் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. காரம் நாக்கில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டு மேசையில் காரச் சட்டி கொதிக்க, எல்லாரும் இறைச்சியை அதில் முக்கித் தின்கிற நாளெல்லாம் மனிதர் கஞ்சிக் கிண்ணத்தோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் தெங்பிக்கு ஒரு வாய் இறங்காது. இன்று அவருக்கு அறுபது வயது. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தே தீருவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

காலை ஏழு மணிக்கே ஓர் அடுப்பில் கோழியும் எலும்பும் சாறுக்காகக் கொதித்தன. இன்னொன்றில் மாட்டுக் கொழுப்பை உருக்கி, வேகவைத்து இடித்த மிளகாய் விழுதைப் போட்டுச் சிறு தீயில் கிளறினாள். விழுதில் ஈரம் வற்றும்வரை கரண்டி நிற்கக் கூடாது. புளித்த மொச்சை விழுதும் இஞ்சியும் பூண்டும் சேர்ந்தபோது மேல்மாடிக்காரர் ஜன்னலில் நின்று இருமினார். இருமல் வராவிட்டால் அது என்ன தாளிப்பு?

மதியம் தம்பி தெங்குவோ மாட்டு இரைப்பையும் வாத்துக் குடலும் வாங்கிக்கொண்டு வந்தான். மேசையைப் பார்த்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னக்கா இது, குழந்தைங்க குளிக்கிற தொட்டியா?"

"ஆமாடா, உன்னைத்தான் அதுல முக்கப் போறேன். போய் இரைப்பையைக் கழுவு."

கதவுக்கு உள்ளிருந்து ஷாவ்ச்சுவானின் குரல் வந்தது. "தெங்பி, என்னால உன் சவால் போக வேணாம். எனக்குக் கஞ்சி இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

"யோவ், அது என் சவால்யா! நான் விட்டேன், நானே வாபஸ் வாங்கிக்கிறேன். நடுவுல உனக்கென்ன?"

கதவு திறக்கவில்லை.

மேசை அடுப்பில் சட்டியின் இரண்டு பக்கமும் கொதி வந்தது. கொதி வந்ததும் நாக்கை மரத்துப்போகச் செய்கிற மிளகை ஒரு கை அள்ளிச் சட்டி முழுக்கத் தூவுவது அந்த ஊர்க் கைகள் தாமாகச் செய்கிற வேலை. தெங்பி தம்பியைத் திட்டிக்கொண்டே அள்ளினாள், தூவினாள். பாதி சிவந்த காரப் பக்கத்தில் விழுந்தது. மீதி தெளிந்த சாற்றில் விழுந்து மிதந்தது.

"போச்சு! மாமாவைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே அனுப்பப் போறியா?" என்றான் தம்பி.

தெங்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் காத்திருந்த நாளைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வண்டி இறக்கத்தில் உருளும்போது உட்கார்ந்து யோசிக்கிறவள் இல்லை அவள். அடுப்பை அணைத்தாள். கொதிக்கிற எண்ணெய் மறுபக்கம் இருக்கும்போது சட்டியைச் சாய்த்து வடிகட்டவும் முடியாது. சாப்பிடுகிற குச்சியால்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அவளுக்கோ கிட்டத்துப் பொருள் மங்கல்.

"யோவ், வெளிய வாய்யா! சாறுல மிளகைக் கொட்டிட்டேன். எனக்குப் பொடிசெல்லாம் தெரிய மாட்டேங்குது!"

உள்ளே கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குபீரென்று ஒரு சிரிப்பு. கதவு திறந்தது. "தெளிஞ்ச சாறுலயா? அடிப் பாவி, அதுலயா மிளகு போட்டே?" கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே வந்த ஷாவ்ச்சுவான், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குச்சிகளை எடுத்தார். கடுகளவு திருகாணியையெல்லாம் பொறுக்கிப் பழகிய விரல்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார்.

தம்பி மெல்ல இரைப்பைத் தட்டை நகர்த்தினான். "மாமா முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது," என்று அவன் கையில் ஒன்று வைத்தாள் தெங்பி.

கடைசி மிளகு வெளியே வந்தது. ஷாவ்ச்சுவான் ஒரு கரண்டி சாறு எடுத்துக் குடித்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" அடுப்புத் திருகைப் பிடித்தபடி கேட்டாள் தெங்பி.

"நாக்கு லேசா மரக்குது. வயித்துக்கு இன்னும் சேதி போகல."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் ஒரு துண்டு இறைச்சியைத் தன் பக்கத்துச் சாற்றில் முக்கி எடுத்துத் தின்றார். எழுந்து போகவில்லை. இன்னொரு துண்டு எடுத்தார். தெங்பி குச்சியைக்கூடத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி முழிக்கிறே?" என்றார் ஷாவ்ச்சுவான். "உன் பக்கம் பொங்குது பாரு. இரைப்பையைப் போடு."