பனி பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மாதம். நாங்கள் அப்போது ஷார்ஜாவில் குடியிருந்தோம். கணவருக்கு துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் என்ஜினியர் வேலை. மகளுக்கு ஆறு வயது. எனக்கு வீட்டைப் பார்ப்பதும், வீட்டுக்காரரைக் குறை சொல்வதும் வேலை. நான் மதுரைக்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அனுபவமே அந்த வாயைப் பற்றியதுதான்.

ராஸ் அல் கைமா மலை உச்சியில் பனி பெய்திருக்கிறது என்று ஒரு நாள் காலைப் பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. பாலைவனத்தில் பனி! எங்கள் கட்டடம் முழுக்க அன்று அதுதான் பேச்சு. மகள் அந்தப் பேப்பரை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்துக்கொண்டு, "ரியல் ஸ்னோவாம்மா? தொட்டுப் பாக்கலாமா?" என்று ஒரு வாரம் பிராணனை வாங்கினாள். வாரக் கடைசியில் மறுபடியும் பெய்யலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். இப்போது போல உச்சி வரை ரோடு அப்போது கிடையாது. அடிவாரத்தில் வாடி என்று சொல்லும் வறண்ட காட்டாற்றுத் தடம் வரை வண்டி போகும். அதற்கு மேல் ஆட்டுத் தடம்தான். வெள்ளிக்கிழமை அடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, சனிக்கிழமை விடிந்ததும் பனி கண்ணுக்குத் தெரிகிற உயரம் வரை ஏறுவது என்று முடிவானது. கூட வருவதாகச் சொன்ன இரண்டு குடும்பங்களும் கடைசி நேரத்தில் நழுவிவிட்டன.

என் கணவர் எதையும் ஃபைல் போடாமல் செய்ய மாட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி, அமெரிக்காவில் ஏதோ ஒரு மலைப் பூங்காவின் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வந்திருந்தார். பனிக்காலத்தில் எந்தப் பாதை திறந்திருக்கும், காட்டில் எங்கே கூடாரம் அடிக்கலாம், என்ன உடுத்தலாம் என்றெல்லாம் பதினெட்டுப் பக்கம். அதில் இரண்டு பக்கம் கரடியைப் பற்றி. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாதாம், கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட வேண்டுமாம். "இந்த ஊர்ல கரடிக்கு யாருங்க விசா குடுப்பா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கயிறு வாங்கப் போய்விட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பக்கமும் மொட்டை மலை. நடுவே கூழாங்கல்லும் மணலுமாக அகலமான தடம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வழி முடிகிற இடத்தில், மறு கரையில், கொஞ்சம் மேடாக இருந்த ஒரு திட்டில் வண்டியை நிறுத்தினோம். கூடாரத்தைக் கணவர் தடத்தின் நடுவிலேயே போட்டார். காற்று படாத, சமதளமான, பள்ளமான இடம்தான் பனிக்குப் பாதுகாப்பு என்று ஃபைலில் இருந்தது. மணல் மெத்தை மாதிரி இருந்ததால் எனக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது. எங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. தூரத்தில் மலையின் உச்சி மட்டும் முண்டாசு கட்டியது போல மேகத்துக்குள் இருந்தது. பனி பெய்கிறது என்று மகள் குதித்தாள்.

புளியோதரைப் பொட்டலத்தைக் கயிறு கட்டி ஒரு முள்மரத்தில் தொங்கவிட்டார். கரடி வரவில்லை, பத்துப் பன்னிரண்டு ஆடுகள் வந்தன. ஒரு ஆடு பின்னங்காலில் எழுந்து நின்று பொட்டலத்தை இழுத்து, புளியோதரையைப் பேப்பரோடு சேர்த்துத் தின்றது. நான் காலை நாலு மணிக்கு எழுந்து கிளறிய புளியோதரை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆட்டை விட்டுவிட்டு ஆட்டுக்குச் சொந்தக்காரனைத் தேடித் திட்ட ஆரம்பித்தேன்.

பாறைகளுக்கு இடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். பாகிஸ்தான் பட்டாணியர்கள் போடுகிற நீளச் சட்டையும் தொளதொளக் கால்சட்டையும், அழுக்கில் நிறமே தெரியவில்லை. தலையில் துணி, முகம் முழுக்கத் தாடி. முகம் மலரச் சிரித்துக்கொண்டே வந்தவர், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் என் கணவரைப் பார்த்துத் தமிழில் கொட்டினேன்.

"யப்பா, என்ன நாத்தம்! குடலப் பொரட்டுது. எந்த ஊர்ப் பஞ்சப் பரதேசியோ, ஆட்டோட படுத்து ஆட்டோட எந்திரிப்பான் போல. கிட்ட வர விடாதீங்க."

அவர் சிரிப்பு நின்றது. ஆடுகளை விரட்டிவிட்டுத் தயங்கி நின்றார். பிறகு இந்தியில், "பாபி, இதர் நஹீ. பானி ஆயேகா. ஊபர் ஜாவோ" என்றார். இங்கே வேண்டாம் அண்ணி, தண்ணீர் வரும், மேலே போங்கள் என்கிறார் என்று கணவர் சொன்னார். என் இந்தி காய்கறிக் கடையோடு சரி. கணவர் வானத்தைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். ஃபைலில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. "அச்சா, அச்சா" என்று சொல்லி வைத்தார்.

"தண்ணியாவது, ஒண்ணாவது. அவன் ஆடு மேய்க்கிற எடத்துல நாம இருக்கோமில்ல, வெரட்டுறதுக்குச் சொல்றான். புள்ளையவே வேற பாத்துக்கிட்டு நிக்கிறான், பாருங்க. ஒரு டீயக் குடுத்து அனுப்பி விடுங்க. நம்ம டம்ளர்ல வேண்டாம், அந்தப் பேப்பர் கப்ல ஊத்துங்க."

இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன். கணவர் டீயைக் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுபடியும் ஒருமுறை மலை உச்சியைக் காட்டி, "பானி" என்றார். பிறகு கப்பை ஒரு பாறை மேல் வைத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. "தொரைக்குத் திமிரப் பாருங்க" என்று அதற்கும் ஒன்று சொன்னேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். கணவர் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை மூட்டி உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் எங்களிடமிருந்து ஐம்பது அடி தள்ளி, தடத்தின் நடுவில் உட்கார்ந்து கூழாங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தாயி! தண்ணி வருது! புள்ளயத் தூக்கு!"

தமிழ். சுத்தமான எங்கள் பக்கத்துத் தமிழ். யார் கூப்பிடுகிறார்கள் என்று திகைத்துத் திரும்பினேன். மேலே பாறை விளிம்பில் அந்த ஆடு மேய்க்கிறவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"கார் பக்கம் ஓடாத தாயி! இங்கிட்டு ஏறு, இங்கிட்டு! சார், சாமான விடுங்க சார்!"

இந்தியில் கத்தியிருந்தால் நான் கணவரின் முகத்தைப் பார்த்திருப்பேன், அர்த்தம் கேட்டிருப்பேன். அந்த 'இங்கிட்டு' என்ற சொல்லுக்கு என் மூளை வேலை செய்யும் முன்பே கால் வேலை செய்தது. ஓடிப் போய் மகளை அள்ளினேன். அவர் பாதி இறங்கி வந்து அவளை என் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொரு கையால் என்னை இழுத்தார். கணவர் ஃபைலை எடுக்கக் குனிந்தவர், எதையோ கேட்டு நிமிர்ந்து, வெறும் கையோடு ஓடி வந்தார்.

அவர் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். லாரி லாரியாக ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம். முதலில் வளைவில் நுரையும் சுள்ளியுமாக, ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். நினைத்து முடிக்கும் முன் அதன் பின்னால் ஆளுயரத்துக்கு வந்தது. மகள் கல் அடுக்கிய இடம் எது என்று தெரியவில்லை. கூடாரம் ஒருமுறை எழுந்து நின்று, சுருண்டு, போய்விட்டது. அடுப்பு, கயிறு, பதினெட்டுப் பக்க ஃபைல் எல்லாம் அதோடு போயின. மழை உச்சியில் பெய்திருக்கிறது, எங்கள் மேல் ஒரு தூறல் கூட இல்லை. வானம் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பயத்தால் மட்டுமில்லை. இவருக்குத் தமிழ் தெரியும் என்றால், நான் சொன்னது ஒவ்வொன்றும் புரிந்திருக்கிறது. அந்நிய ஊரில் வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். லிஃப்டில், டாக்ஸியில், கடையில் ஆளை எதிரில் வைத்துக்கொண்டே அவரைத் தமிழில் அலசுவோம். பக்கத்தில் மலையாளி இருந்தால் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவோம். மற்றபடி உலகத்துக்கே காது கேட்காது என்ற நினைப்பு.

கொஞ்சம் மேலே, பலகையும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய அவருடைய கொட்டகைக்குக் கூட்டிப் போனார். மூன்று கல்லைக் கூட்டி வைத்த அடுப்பில் கறுப்பு டீ போட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். முதலாளி வாரம் ஒருமுறை பிக்கப்பில் கொண்டு வந்து இறக்குகிற தண்ணீர்தான் அவருக்கும் ஆடுகளுக்கும். அதில் கொஞ்சம் ஊற்றி டம்ளரைக் கழுவி, கழுவியது போதாது என்று மறுபடியும் கழுவி, முதலில் மகளுக்கும் பிறகு எனக்கும் கொடுத்தார். அந்த இரண்டாவது முறை கழுவியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"அண்ணே, நீங்க தமிழ்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய், அப்போதும் குற்றத்தை அவர் பக்கம் தள்ளப் பார்த்தது.

"சொல்லத்தான் ஓடியாந்தேன் தாயி. நாத்தம்னு சொன்னீக. அதான் வாய் அடங்கிப் போச்சு."

சொந்த ஊர் எது என்று கணவர் கேட்டார். முதுகுளத்தூர் பக்கம் என்றார். எங்கள் மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். தோட்ட வேலை என்று சொல்லி வந்த விசாவாம், வந்து பார்த்தால் ஆடு மேய்க்கிற வேலையாம். "பஞ்சப் பரதேசின்னு சொல்லிட்டேனேண்ணே" என்று திணறினேன். "பஞ்சம் பொழைக்கத்தான தாயி வந்திருக்கேன். நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே" என்றார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள் டீயைக் குடித்துவிட்டுப் பழைய கேள்விக்கு வந்துவிட்டாள். மேலே பனி இருக்கிறதா, தொட்டுப் பார்த்தீர்களா? போன வாரம் ஆட்டைத் தேடி உச்சிக்குப் பக்கம் வரை போனாராம். "நம்ம ஊரு உப்பளத்துல குமிச்சு வச்சிருப்பாகள்ல, அதே மாதிரி கெடந்துச்சும்மா. ரெண்டு கையிலயும் அள்ளுனேன். காட்டத்தான் ஆளில்ல."

தண்ணீர் வடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திட்டில் நின்ற வண்டி தப்பித்திருந்தது. பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும் என்று கணவர் எழுந்தார். நான் கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். அவ்வளவு பேச்சும் கேட்ட பிறகு ஏன் அங்கேயே நின்றீர்கள்? தூரமாகப் போயிருந்தால் எங்களைப் பார்த்திருக்கவே மாட்டீர்களே?

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "தமிழ்க் கொரலு கேட்டு எட்டு மாசம் ஆச்சு தாயி. ஆடுகள்ட்டயும் எம்புட்டு நாளுதான் நானே பேசுறது? நீங்க வஞ்சாலும் நம்ம ஊரு வசவால்ல இருந்துச்சு. அதான் பாறைக்குப் பின்னாடி ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்."

கணவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். ஊர் மழை, மதுரை பஸ் ஸ்டாண்ட், அவர் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், எல்லாவற்றைப் பற்றியும் பேச்சு ஓடியது. அதிகம் பேசியது ஆட்டுக்கார அண்ணன்தான். நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

அடுத்த மாதம் புளியோதரையும் நாலு தமிழ்ப் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு போனோம். கொட்டகை காலியாக இருந்தது. ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிப் போய்விட்டார்கள் போல. விசாரிக்கலாம் என்றால், அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளக் கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

என் மகள் பிறகு வேறு நாட்டில் நிஜப் பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். எனக்கு அந்த ஆசையே வரவில்லை. ஆனால் இன்றைக்கும் யாரையாவது பார்த்து நாக்கில் ஒரு தடித்த சொல் எழும்போது, அதையும் தாய்மொழி என்று ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார். அவர் கேட்கும்படி இதைச் சொல்லலாமா என்று ஒரு நொடி நின்றுதான் வாயைத் திறக்கிறேன்.